முதலில் பாக்டீரியா, பிறகுதான் மீன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி விடுமுறை தொடங்கினால் போதும், சிங்கப்பூரின் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளின் வரவேற்பறையில் புதிய உப்புநீர் மீன்தொட்டிகள் முளைத்துவிடும். சனிக்கிழமை தொட்டி வரும், ஞாயிற்றுக்கிழமை கோமாளி மீன் வரும், அடுத்த ஞாயிறுக்குள் மீன் செத்து மிதக்கும். பிள்ளை அழும். "உப்புத்தண்ணி மீன் நமக்கு ஒத்துவராது" என்று பெற்றோர் தொட்டியைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுவார்கள். மீனிலும் குறை இருந்திருக்காது, வளர்த்தவர் கைராசியிலும் குறை இருந்திருக்காது. தொட்டி 'சைக்கிள்' ஆவதற்கு முன்பே, அதாவது கழிவை மாற்றும் நுண்ணுயிர்கள் அதில் பெருகுவதற்கு முன்பே, மீனை விட்டதுதான் காரணம். வாசகர் கடிதத்துக்கு இது நீளம்தான். ஆனால் அளவுகளை வெட்டிவிட்டுப் 'பொறுமை தேவை' என்று மட்டும் அச்சிட்டால் யாருக்கும் பயன்படாது. முடிந்தவரை முழுமையாக வெளியிடக் கேட்டுக்கொள்கிறோம்.

மீன் தன் உடற்கழிவான அம்மோனியாவைப் பெரும்பாலும் செவுள் வழியாகவே வெளியேற்றுகிறது. மிஞ்சிய தீனியும் அழுகி அம்மோனியாவாகிறது. கடலில் அது கரைந்து காணாமல் போகும். 150 லிட்டர் தண்ணீரில் எங்கே போகும்? அங்கேயே இருந்து செவுளை அரிக்கும். அதைத் தின்று நைட்ரைட்டாக மாற்ற ஒரு கூட்டம் நுண்ணுயிர்கள் வேண்டும், நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்ற இன்னொரு கூட்டம் வேண்டும். இவை தண்ணீரில் மிதந்து வாழ்பவை அல்ல. பாறை, மணல், ஃபில்டர் பஞ்சு ஆகியவற்றின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு மெதுவாகப் பெருகுபவை. புதிய தொட்டியின் தண்ணீர் பளிங்குபோல் இருந்தாலும் இந்த இரண்டு கூட்டமும் அதில் கிடையாது. அம்மோனியாவைத் தின்னும் உயிர்கள் பாக்டீரியா மட்டும்தான் என்று வெகுகாலம் நினைத்திருந்தார்கள். அதே வேலையைச் செய்யும், பாக்டீரியாவிலிருந்து வேறுபட்ட ஆர்க்கியா வகை நுண்ணுயிர் ஒன்றைத் தனியே பிரித்து வளர்த்து 2005இல் அறிவித்தார்கள். அது கிடைத்த இடம் அமெரிக்காவின் சியாட்டல் நகர மீன்காட்சியகத்தின் உப்புநீர்த் தொட்டி!

கப்பி, தங்கமீன் வளர்த்துப் பழகியவர்கள்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள். நன்னீரில் சைக்கிள் ஆகாத தொட்டியிலும் மீன் எப்படியோ பிழைத்துக்கொள்கிறது. காரணம் பிஎச், அதாவது தண்ணீரின் அமில-கார அளவு. அம்மோனியா தண்ணீரில் இரண்டு வடிவங்களில் இருக்கும்: அதிகக் கெடுதல் செய்யாத அம்மோனியம், செவுளைக் கருக்கும் கட்டற்ற அம்மோனியா. பிஎச் 7 உள்ள தண்ணீரில், நம் ஊர்ச் சூட்டில், நூற்றில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இருக்காது. உப்புநீர்த் தொட்டியின் பிஎச் 8.2. அங்கே அது நூற்றில் ஏழெட்டுப் பங்காகிவிடும். சோதனையில் அதே எண்தான் தெரியும், நஞ்சு மட்டும் பத்து மடங்கு. சூடு கூடக்கூட இந்தப் பங்கும் கூடும். வெதுவெதுப்பான உப்புநீரில் ஆக்சிஜனும் குறைவு: 30 டிகிரியில் நன்னீர் லிட்டருக்கு ஏழரை மில்லிகிராம் வரை பிடித்துவைக்கும், கடல்நீர் ஆறு மில்லிகிராமைச் சற்றுத் தாண்டும், அவ்வளவே.

அடுத்தது தண்ணீர். குழாய்த் தண்ணீரை வாளியில் ஓரிரவு வைத்திருந்தால் குளோரின் போய்விடும் என்பது பெரியவர்கள் சொல்லும் வழி. குளோரின் மட்டும் கலந்த தண்ணீருக்கு அது சரி. பொதுப் பயனீட்டுக் கழகம் நம் குழாய்நீரில் சேர்ப்பது குளோரமைன். அது குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த பொருள், ஓரிரவில் ஆவியாகாது. குளோரின் நீக்கும் மருந்தை ஊற்றினால் குளோரின் பகுதி உடையும், அம்மோனியா மிஞ்சும். இதனால்தான் ஒன்றுமே போடாத புதுத் தொட்டியில் சோதனை அம்மோனியாவைக் காட்டுகிறது, "எப்படி வந்தது?" என்று ஆள் குழம்புகிறார். கரிவடிகட்டி, ஆர்.ஓ. (சவ்வு வடிகட்டி), அதன்பின் மிச்ச உப்புகளை நீக்கும் டிஐ ரெசின் என மூன்றையும் தாண்டிய தண்ணீரே நல்லது. கரைந்த பொருள்களை அளக்கும் டிடிஎஸ் மீட்டரில் சுழியம் காட்ட வேண்டும். சுழியத்துக்கு மேல் ஏறத் தொடங்கினால் ரெசின் தீர்ந்துவிட்டது. ஆர்.ஓ. கருவி கழித்துவிடும் தண்ணீரை வீணாக்க வேண்டாம், தரை துடைக்க உதவும்.

ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் வாளி வாளியாய் மொண்டு வரலாமே என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. மழையும் ஆற்றுநீரும் கலப்பதால் நம் கரையோர நீரின் உப்பு, தொட்டிக்கு வேண்டிய 35ஐ (ஆயிரத்தில் 35 பங்கு) எட்டுவதில்லை. தவிர, இது உலகின் மிகப் பரபரப்பான துறைமுகங்களில் ஒன்றின் வாசல். 2024 ஜூன் 14ஆம் தேதி பாசிர் பாஞ்சாங் முனையத்தில் கப்பலிலிருந்து கசிந்த எண்ணெய் செந்தோசா, ஈஸ்ட் கோஸ்ட் கரைகள்வரை வந்து சேர்ந்ததை எல்லாரும் பார்த்தோம். கண்ணுக்குத் தெரியாத அளவு எண்ணெயும் செம்பும் முதுகெலும்பற்ற உயிர்களைக் கொல்லப் போதும்.

இனி அளவுகள். 90 செ.மீ. நீளம், 45 அகலம், 45 உயரம் உள்ள மூன்றடித் தொட்டியின் கொள்ளளவு 182 லிட்டர். விளிம்புவரை நிரப்புவதில்லை, பாறையும் மணலும் இடம் எடுத்துக்கொள்ளும். எனவே உண்மையான தண்ணீரை 150 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 38 கிராம் உப்புக் கலவை என்றால் ஏறத்தாழ ஐந்தேமுக்கால் கிலோ. கலவைக்குக் கலவை அளவு மாறும், பொட்டலத்தைப் பாருங்கள். தண்ணீரில்தான் உப்பைக் கொட்ட வேண்டும். உப்பின்மேல் தண்ணீரை ஊற்றினால் அந்தக் கெட்டிக் கரைசலில் கால்சியம் கார்பனேட் வெள்ளையாகப் படிந்து வீணாகும். பவர்ஹெட் (நீரோட்டம் உண்டாக்கும் பம்பு) ஓடவிட்டு ஒருநாள் கலக்கிய பிறகு, உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரில் 35, அதாவது ஒப்படர்த்தி ஏறத்தாழ 1.025 அல்லது 1.026 வருகிறதா என்று பாருங்கள். கருவியை 35க்கான அளவுத் திரவத்தால் சரிசெய்ய வேண்டும். வெறும் ஆர்.ஓ. தண்ணீரில் சுழியம் பார்த்துவிட்டுத் திருப்தி அடைபவர்களின் கருவி 35இல் இரண்டு மூன்று புள்ளி தவறலாம். முள் ஆடும் மலிவான ஹைட்ரோமீட்டரில் ஒரு காற்றுக்குமிழி ஒட்டினாலும் கதை மாறிவிடும்.

பாறை பத்து முதல் பதினைந்து கிலோ. அதை முதலில் தொட்டியின் அடிக்கண்ணாடியில் நிலையாக நிறுத்திவிட்டு, பிறகு சுற்றிலும் மணலைக் கொட்டுங்கள். மணலின்மேல் பாறையை அடுக்கினால், பின்னாளில் கோபி மீனோ துப்பாக்கி இறாலோ அடியில் குழி தோண்டும், பாறை சரிந்து கண்ணாடியில் விழும். உலர்ந்த பாறையில் பூச்சி தொல்லை வராது, ஆனால் பாக்டீரியாவும் இருக்காது. ஓடிக்கொண்டிருக்கும் தொட்டியிலிருந்து நண்பர் ஈரப்பாறை கொடுத்தால் பாதிக் காலம் மிச்சம். கூடவே ஐப்டேசியா எனும் தொல்லைதரும் கடற்சாமந்தியும் வெண்புள்ளி நோயும் வந்து சேரலாம் என்பது அதற்கான விலை.

இப்போது நுண்ணுயிருக்குத் தீனி. நமக்குச் சிறந்ததாகப் படுவது அம்மோனியம் குளோரைடு, ஏனென்றால் அதை மட்டும்தான் அளந்து போட முடியும். ஒரு லிட்டரில் 1 பிபிஎம் (லிட்டருக்கு 1 மில்லிகிராம்) அம்மோனியாவுக்கு 3.14 மில்லிகிராம் வேண்டும். 150 லிட்டரில் 2 பிபிஎம் என்றால் 940 மில்லிகிராம். சமையலறைத் தராசு இதை அளக்காது. அதனால் 10 கிராமை ஆர்.ஓ. தண்ணீரில் கரைத்து மொத்தம் 500 மில்லி ஆக்கிக்கொள்ளுங்கள். ஒரு மில்லியில் 20 மில்லிகிராம் இருக்கும். 47 மில்லி ஊற்றினால் கணக்கு சரி. துப்புரவுக்கு விற்கும் அம்மோனியாவைப் பயன்படுத்துவோர் புட்டியைக் குலுக்கிப் பாருங்கள். நுரை நின்றால் சோப்புக் கலந்தது, வேண்டாம்.

தேக்கா சந்தையில் ஒரு பச்சை இறாலை வாங்கி நைலான் வலையில் கட்டித் தொங்கவிடுவது பழைய முறை. வேலை செய்யும், இல்லையென்று சொல்ல முடியாது. ஆனால் எவ்வளவு அம்மோனியா வரும் என்பது இறாலுக்குத்தான் தெரியும். 5 பிபிஎம்மைத் தாண்டினால் நாம் வளர்க்க நினைக்கும் பாக்டீரியாவே முடங்கும். கதவடைத்துக் குளிர்சாதனம் போடும் வீட்டில் அந்த வாடை ஒரு வாரம் போகாது. இறாலிலிருந்து கரையும் பாஸ்பேட் பிறகு பாசியாகத் தலையெடுக்கும்.

புட்டியில் விற்கும் பாக்டீரியா மோசடியா என்ற கேள்வி அடிக்கடி எழுகிறது. நல்லவை உண்மையிலேயே நாள்களைக் குறைக்கின்றன. ஆனால் வெயில் படும் அலமாரியில் மாதக்கணக்கில் நின்ற புட்டியை வாங்காதீர்கள். காலாவதித் தேதி பாருங்கள். ஊற்றியபின் இரண்டு மூன்று நாள்களுக்குப் புறஊதா விளக்கையும், கழிவை நுரையாக்கிப் பிரிக்கும் ஸ்கிம்மரையும் நிறுத்திவையுங்கள். அம்மோனியா இல்லாத தொட்டியில் இதை ஊற்றுவது இலை போடாமல் பந்திக்கு அழைப்பதுபோல்தான்.

நுண்ணுயிர் வளர வெளிச்சம் தேவையில்லை. விளக்கை அணைத்தே வையுங்கள், பாசி பிறகு வரட்டும். நீரோட்டம் மட்டும் நிற்கக்கூடாது. மேற்பரப்பு நன்றாகக் கலங்கி ஆக்சிஜன் இறங்க வேண்டும், இவை ஆக்சிஜன் இல்லாமல் வேலை செய்யாதவை. குளிர்நாட்டவர்கள் ஹீட்டர் வாங்குகிறார்கள், நமக்கு அந்தச் செலவில்லை. 28 முதல் 30 டிகிரி என்பது இந்த நுண்ணுயிர்களுக்குப் பிடித்த சூடு. எனவே காலித் தொட்டிக்குச் சில்லர் (தண்ணீரைக் குளிர்விக்கும் கருவி) அவசரமில்லை. மீன் வருவதற்கு ஒரு வாரம் முன்பு அதை ஓடவிட்டுப் பாருங்கள், 26, 27இல் நிற்கிறதா என்று. அதை மூடிய அலமாரிக்குள் வைத்தால் தான் விடும் அனலையே தான் இழுத்துக்கொண்டு திணறும்.

சில்லருக்குப் பதில் மின்விசிறி வைப்போரும் உண்டு. நம் ஊர் ஈரக்காற்றில் அது இரண்டு மூன்று டிகிரிதான் குறைக்கும், பதிலுக்குத் தண்ணீரைக் குடிக்கும். நாளுக்கு மூன்று லிட்டர் ஆவியாகிறது என்று வையுங்கள். ஒரு வாரம் நிரப்பாமல் விட்டால் 35 ஆக இருந்த உப்பு 40ஐத் தாண்டும். ஆவியாவது தண்ணீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே ஈடுசெய்ய வேண்டியதும் ஆர்.ஓ. தண்ணீர்தான். உப்புநீரை ஊற்றி ஈடுசெய்து தொட்டியை ஊறுகாய் ஆக்கியவர்கள் பலர்.

இரண்டு நாளுக்கு ஒருமுறை சோதித்துத் தேதியுடன் எழுதிவையுங்கள். முதல் வாரம் அம்மோனியா அசையாமல் நிற்கும், பயப்பட வேண்டாம். பிறகு இறங்கத் தொடங்கும், நைட்ரைட் ஏறும். அம்மோனியா அரை பிபிஎம்முக்குக் கீழே போகும்போதெல்லாம் மீண்டும் 1 பிபிஎம் அளவுக்கு, அதாவது 23, 24 மில்லி ஊற்றுங்கள். நைட்ரைட் சோதனைக் கிட்டின் நிற அட்டையில் கடைசி நிறத்தையும் தாண்டிவிட்டால் ஊற்றுவதைச் சில நாள் நிறுத்துங்கள். இரண்டாம் கூட்டம் எப்போதும் தாமதமாகத்தான் வரும். எல்லாம் முடிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகலாம், நல்ல புட்டியோ ஈரப்பாறையோ கிடைத்தால் இரண்டு வாரத்திலும் முடியலாம். நாள்காட்டியை நம்பாதீர்கள், கிட்டை நம்புங்கள்.

கிட்டையும் கண்மூடி நம்ப முடியாது என்பது வேறு கதை. நைட்ரேட் கிட், நைட்ரேட்டை நைட்ரைட்டாக மாற்றித்தான் நிறம் காட்டுகிறது. தண்ணீரில் நைட்ரைட் ஏற்கெனவே இருந்தால் நைட்ரேட் எக்கச்சக்கமாகத் தெரியும். "நைட்ரேட் வந்துவிட்டது, சைக்கிள் முடிந்தது" என்று பாதியில் மீன் வாங்கப் போவோர் இந்த இடத்தில்தான் வழுக்குகிறார்கள். நைட்ரைட் சுழியமாகும்வரை நைட்ரேட் கிட்டை எடுக்கவே வேண்டாம். அம்மோனியாவைக் கட்டும் மருந்து ஊற்றியிருந்தால், மஞ்சள் நிறம் காட்டும் நெஸ்லர் வகைக் கிட் தவறான எண்ணைக் காட்டும். பச்சை நிறம் காட்டும் சாலிசிலேட் வகை மேல். அதையும் மஞ்சள் விளக்கடியில் பார்த்தால் 0க்கும் 0.25க்கும் வித்தியாசம் தெரியாது. சன்னலருகே பகல் வெளிச்சத்தில் பாருங்கள்.

நைட்ரைட்டைக் கண்டு நன்னீர்க்காரர்கள் நடுங்குவது நியாயமே, அங்கே அது மீனின் இரத்தத்தைப் பழுப்பாக்கிவிடும். கடல்நீரிலோ லிட்டருக்கு 19 கிராம் குளோரைடு இருக்கிறது. செவுளில் நைட்ரைட் நுழைய விடாமல் அது வழியை அடைத்துக்கொள்கிறது. உப்புநீரில் கொல்வது அம்மோனியாதான். நைட்ரைட் சுழியமாவதை நாம் பார்ப்பது இரண்டாம் கூட்டம் வந்துசேர்ந்ததா என்று தெரிந்துகொள்ளவே.

மூன்று வாரமாகியும் எண்கள் அசையவில்லையா? காரத்தன்மையைச் சோதியுங்கள். ஒரு மில்லிகிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற ஏழு மில்லிகிராமுக்கு மேல் காரத்தன்மை செலவாகிறது. டிகேஎச் (காரத்தன்மையின் அலகு) 7க்குக் கீழே வெகுவாக இறங்கினால் வேலை மந்தமாகும், சமையல் சோடாவைச் சிறிது சிறிதாகச் சேர்த்து ஏற்றலாம். அது சரியாக இருந்தால், யாராவது ஃபில்டர் பஞ்சைக் குழாயடியில் அலசினார்களா என்று வீட்டில் விசாரியுங்கள். சுத்தத்தில் கெட்டிக்காரர்கள் இருக்கும் வீட்டில் இது அடிக்கடி நடக்கும்: குளோரமைன் ஒரு நிமிடத்தில் மூன்று வார உழைப்பைக் கழுவிவிடும். எப்போது அலசினாலும் தொட்டியிலிருந்து எடுத்த உப்புநீரில்தான் அலச வேண்டும். இடையில் மணல்மேல் பழுப்பாகப் படர்வது டயாட்டம் எனும் நுண்பாசி, தானே போய்விடும்.

தேர்வு இப்படி: ஒருநாள் காலை மீண்டும் 47 மில்லி ஊற்றுங்கள். சரியாக 24 மணி நேரம் கழித்து அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழியமாக இருந்தால் தொட்டி தேறியது. அடுத்து பாதித் தண்ணீரை மாற்றிச் சேர்ந்திருக்கும் நைட்ரேட்டைக் குறையுங்கள். பழைய உப்புநீரைக் கழிவறையில் ஊற்றுங்கள், தாழ்வாரச் செடிகளுக்கு வேண்டாம். அன்றே மீன் வாங்க முடியாவிட்டால் இரண்டு நாளுக்கொருமுறை கொஞ்சம் அம்மோனியா போட்டுக்கொண்டிருங்கள். பட்டினி போட்டால் கூட்டம் மெலியும்.

முதலில் பண்ணையில் பிறந்த ஒசெல்லாரிஸ் கோமாளி மீன் ஒரு ஜோடி போதும். 'சைக்கிளுக்கு விடு' என்று நீல டாம்செலை விற்பது பழைய வழக்கம். மீனை வதைப்பது ஒருபுறம் இருக்க, பிழைத்த டாம்செல் தொட்டியையே தன் பட்டா நிலமாக்கிக்கொண்டு பின்னால் வருபவற்றைத் துரத்திக் கடிக்கும். நீல டாங் 30 சென்டிமீட்டர்வரை வளரும், மூன்றடித் தொட்டி அதற்குச் சிறை. மாண்டரின் மீன் கோப்பிபாடு எனும் நுண்ணிய ஓட்டுயிர்களைத் தின்று வாழ்வது. புதுத் தொட்டியில் அவை இருக்காது, பட்டினியாலேயே சாகும். கடற்சாமந்தியை ஆறு மாதத்துக்குமுன் நினைக்காதீர்கள்.

நெடுநேரம் பயணித்து வந்த மீன்பையைத் திறந்துவைத்து இரண்டு மணி நேரம் சொட்டுச்சொட்டாகத் தண்ணீர் விடும் வழக்கம் ஆபத்தானது. மீன் விட்ட கரியமில வாயுவால் பைத்தண்ணீரின் பிஎச் இறங்கி, சேர்ந்த அம்மோனியா அடங்கியிருக்கும். பையைத் திறந்து வாயு வெளியேறி, 8.2 தண்ணீரும் கலந்தால் அத்தனையும் நச்சு வடிவத்துக்குத் திரும்பும். மூடிய பையைக் கால் மணி நேரம் மிதக்கவிட்டுச் சூட்டைச் சமப்படுத்துங்கள். திறந்ததும் உப்பை அளந்து பாருங்கள், பெரிய வித்தியாசம் இல்லையென்றால் மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள். பைத்தண்ணீர் தொட்டிக்குள் போகக்கூடாது.

இதைப் படிக்கும்போதே வீட்டில் சைக்கிள் ஆகாத தொட்டியில் மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறதா? இன்றே மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை, அதே உப்பும் அதே சூடும் உள்ள தண்ணீரால் மாற்றுங்கள். அம்மோனியா கட்டும் மருந்தையும் புட்டிப் பாக்டீரியாவையும் ஊற்றுங்கள், தீனியை இரண்டு நாளுக்கு ஒருமுறையாகக் குறையுங்கள், தினமும் சோதியுங்கள். வளர்க்க முடியவில்லை என்று கடலிலோ நீர்த்தேக்கத்திலோ விடுவது சட்டப்படி குற்றம். கடையிலோ தெரிந்த வளர்ப்பாளரிடமோ ஒப்படையுங்கள்.

கடைக்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உப்புநீர் மீன் கேட்டு வருபவரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நேற்று அம்மோனியா எவ்வளவு போட்டீர்கள், இன்று எவ்வளவு இருக்கிறது?" பதில் வரவில்லையென்றால், அன்று அவருக்குச் சோதனைக் கிட்டை விற்று அனுப்புங்கள். மீனுக்கு அடுத்த மாதம் வருவார்.

இப்படிக்கு,
உப்புநீர் மீன் வளர்க்கும் வாசகர்கள் சிலர்,
சிங்கப்பூர்